எடையைக் குறைச்சிட்டு வாங்க!

மூணு வாரமா டிராஃப்ட்லயே தூங்கிட்டிருந்த பதிவு இது. ஆபிஸ்ல ஆணி அதிகம், ரிலீஸ் வேற. ஆனா போன வெள்ளிக்கிழமை கேன்டீன்ல நடந்த ஒரு வாக்குவாதத்துக்கு அப்புறம், இனியும் எழுதாம இருந்தா எனக்குத்தான் பிபி ஏறும்னு தோணிச்சு. நீளமான பதிவு, கொஞ்சம் சூடான பதிவும் கூட. மொக்கை எதிர்பார்த்து வந்தவங்க அடுத்த வாரம் வாங்க மக்கா.

விஷயம் இதுதான். ரொம்பக் குண்டா இருக்கிற ஒருத்தருக்கு ஆபரேஷன் தேவைப்படுதுன்னு வெச்சுக்குங்க. குடலிறக்கமோ, பித்தப்பையோ, முழங்காலோ, இல்லை எடையைக் குறைக்கவே செய்யற பேரியாட்ரிக் ஆபரேஷனோ, எதுவா வேணா இருக்கட்டும். நம்ம ஊர்ல அவருக்குப் பெரும்பாலும் ரெண்டு பதில்தான் கிடைக்குது. ஒண்ணு, மேசைக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து நிமிர்ந்துகூடப் பார்க்காம வர்ற "எடையைக் குறைச்சிட்டு வாங்க". இன்னொண்ணு, பேனர்ல பல்லைக் காட்டிக்கிட்டு வர்ற "சின்ன துளைதான், மூணே நாள்ல வீட்டுக்குப் போயிடலாம்". பார்க்க ரெண்டும் எதிரும் புதிருமா இருக்கும். என் கட்சி என்னன்னா, ரெண்டும் ஒரே தட்டிக்கழிப்புதான். அந்த ஆளை உட்கார வெச்சு, "உனக்கு இன்னின்ன ஆபத்து இருக்கு, அதுக்கு நாங்க இதெல்லாம் செய்வோம், நீ இதைச் செய்யணும்"னு சொல்ற வேலையை ரெண்டு பேருமே செய்யறதில்லை.

முதல்ல கேன்டீன் வாக்குவாதத்தை முடிச்சிடறேன். எங்க டீம்ல மாரத்தான் ஓடற ஆள் ஒருத்தர். நல்ல மனுஷன்தான். 2024 ஏப்ரல்ல சென்னைப் புறநகர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன புதுச்சேரி இளைஞர் இறந்துபோனது ஞாபகம் இருக்கா? இருபதுகள்ல இருந்த பையன். அரசு விசாரணைக் குழு போட்டுது, அந்த ஆஸ்பத்திரியோட உரிமத்தைத் தற்காலிகமா நிறுத்தியும் வெச்சுது. பேச்சு எப்படியோ அங்க போச்சு. நம்ம மாரத்தான்காரர் சொன்னது: "கலோரி உள்ள, கலோரி வெளிய, சிம்பிள் கணக்கு மச்சி. வாயைக் கட்ட முடியாதவன்தான் வயித்தை வெட்டிக்கிறான்."

அந்தச் செய்தி வந்தப்போ எங்க காலேஜ் வாட்ஸப் குரூப்லயும் இதே பாட்டுதான். ஒரு பிள்ளை ஆபரேஷன் டேபிள்ல போயிட்டான். அந்த ஆஸ்பத்திரியில என்ன வசதி இருந்துது, மயக்கம் கொடுத்தது யாரு, அவசரம்னா அடுத்து எங்க கொண்டுபோவாங்கன்னு ஒருத்தனும் கேக்கலை. எல்லாருக்கும் இருந்த ஒரே சந்தேகம், அவன் எத்தனை பரோட்டா தின்னிருப்பான்னுதான். அடப்பாவிகளா!

சிம்பிள் கணக்குன்னு சொல்றவங்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்காவுல 'தி பிக்கஸ்ட் லூசர்'னு ஒரு டிவி போட்டி. மாசக்கணக்கா உடற்பயிற்சி, பட்டினி, கேமரா முன்னாடி அழுகைன்னு கொத்துக்கொத்தா எடை குறைப்பாங்க. அதுல கலந்துக்கிட்ட 14 பேரை ஆறு வருஷம் கழிச்சு ஆராய்ச்சி பண்ணி 2016ல வெளியிட்டாங்க. பெரும்பாலானவங்களுக்குப் போன எடையில பெரும்பகுதி திரும்பி வந்திருந்துது. அதைவிடக் கொடுமை, சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவங்க உடம்பு எரிக்கிற கலோரி, அவங்க சைஸுக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்கு சராசரியா 500 கம்மியா இருந்துது. ஆறு வருஷம் கழிச்சும்! உடம்பு ஒரு தெர்மோஸ்டாட் மாதிரி. நீங்க ஜன்னலைத் திறந்தா அது ஹீட்டரை ஏத்தும். எடை குறையக் குறைய பசியைத் தூண்டற ஹார்மோனும் ஏறும். நூறு கிலோவைத் தாண்டின ஒருத்தர் வெறும் மனவுறுதியால முப்பது கிலோ குறைச்சு, அதை அப்படியே காப்பாத்தறது நடக்கவே நடக்காதுன்னு சொல்லலை. ரொம்ப அபூர்வம். அபூர்வமா நடக்கறதை நிபந்தனையா வெச்சு கதவைச் சாத்தறதுக்குப் பேரு மருத்துவ ஆலோசனையா?

சரி, ஆபத்துக்கு வருவோம். ஆபத்தே இல்லைன்னு சொல்ல நான் வரலை. அதைப் பத்தி விலாவாரியா பேசணும்னுதான் வந்திருக்கேன்.

மயக்க மருந்துலேர்ந்து ஆரம்பிப்போம். பெரிய உடம்பு மல்லாந்து படுத்தா வயித்துல இருக்கிற எடை உதரவிதானத்தை மேல தள்ளும். நுரையீரல்ல மிச்சம் இருக்கிற காத்து குறைஞ்சு போகும். மயக்கம் கொடுத்து மூச்சு நின்னதுலேர்ந்து தொண்டையில குழாய் போடற வரைக்கும் அந்த மிச்சக் காத்துதான் யூபிஎஸ். ஒல்லியான ஆளுக்குச் சில நிமிஷம் பேக்கப் தர்ற யூபிஎஸ், இவங்களுக்கு அதைவிட ரொம்பச் சீக்கிரம் காலியாகும். கழுத்துல சதை அதிகம் இருந்தா குழாய் போடறதும் சில சமயம் கஷ்டம். கேக்கவே பயமா இருக்கில்ல? ஆனா இதுக்கு ராக்கெட் விஞ்ஞானம் எதுவும் வேண்டாம். முதுகுக்கும் தலைக்கும் கீழ தலகாணி, துணிமூட்டைன்னு அடுக்கி, காது துளையும் நெஞ்செலும்போட மேல்குழியும் ஒரே மட்டத்துக்கு வர்ற மாதிரி சாய்ச்சு வெச்சு, மயக்கத்துக்கு முன்னாடியே நல்லா ஆக்சிஜன் கொடுத்தா அந்த யூபிஎஸ் நேரம் கூடும். தலகாணிங்க! தெரிஞ்ச டாக்டர் செய்வார். மருந்து அளவுலயும் இதே கதைதான். சில மருந்தை மொத்த எடைக்குக் கணக்குப் போடணும், சிலதைக் கொழுப்பைக் கழிச்ச எடைக்குப் போடணும். ஆபரேஷனுக்கு முன்னாடி போடற செஃபசோலின்ங்கற ஆன்டிபயாடிக் வழக்கமா 2 கிராம், 120 கிலோவைத் தாண்டினா 3 கிராம்னு அமெரிக்க வழிகாட்டுதல் 2013லேயே சொல்லுது. "எல்லாருக்கும் ஒரே டோஸ்" போட்டுட்டு, அப்புறம் புண்ணுல சீழ் பிடிச்சா "உடம்பு அப்படி"ன்னு கையை விரிக்கறவங்களை என்ன சொல்ல?

அடுத்து தூக்கம். இதுதான் எனக்கு ரொம்ப எரிச்சலான இடம். தூங்கும்போது தொண்டை அடைச்சு மூச்சு நின்னு நின்னு வர்ற வியாதி ஒண்ணு இருக்கு, ஸ்லீப் அப்னியா. ரொம்பக் குண்டா இருக்கறவங்கள்ல நிறையப் பேருக்கு இது இருக்கும், இருக்கறதே தெரியாது. ஆபரேஷன் முடிஞ்சு வலிக்குப் போடற மார்ஃபின் வகை மருந்து மூச்சை இன்னும் மந்தமாக்கும். நம்ம வார்டுல ராத்திரி என்ன நடக்கும்? பக்கத்துல இருக்கிற அத்தை, நர்ஸ்கிட்ட சொல்லுவாங்க: "நல்லா குறட்டை விட்டுத் தூங்கறாரும்மா, எழுப்பாதீங்க." நம்ம ஊர்ல குறட்டைன்னா நிம்மதியான தூக்கம். அங்க அது அபாய மணி. இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க கனடாவுல உருவாக்கி 2008ல வெளியிட்ட எட்டு கேள்வி இருக்கு, ஸ்டாப் பாங்னு பேரு. குறட்டை விடறீங்களா, பகல்ல களைப்பா இருக்கா, தூக்கத்துல மூச்சு நின்னதை யாராவது பார்த்திருக்காங்களா, பிபி இருக்கா, அப்புறம் பிஎம்ஐ, வயசு, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா. அவ்வளவுதான். டெய்லர் டேப் ஒண்ணு, ரெண்டு நிமிஷம். ஐநூறு ரூபா கன்சல்டேஷன்ல ரெண்டு நிமிஷம் கிடைக்காதா? பதில் சந்தேகமா இருந்தா தூக்கப் பரிசோதனை செஞ்சு, தேவைப்பட்டா சிபாப் மெஷினை ஆபரேஷனுக்கு முன்னாடியே பழக்கி, அதையே வார்டுலயும் மாட்டிவிடலாம். விரல்ல ஒரு ஆக்சிஜன் கிளிப் மாட்டி ராத்திரி முழுக்கக் கவனிக்கலாம்.

மூணாவது, கால்ல ரத்தம் உறையறது. உறைஞ்ச கட்டி நுரையீரலுக்குப் போனா ஆள் பொசுக்குனு போயிடுவார். இதுக்கு ஹெப்பாரின் வகை ஊசி, காலை அமுக்கி விடற பம்பு, எல்லாத்துக்கும் மேல அன்னிக்கே எழுந்து நடக்கறது. நம்ம வீட்டுக் கலாச்சாரம் என்ன? "ஆபரேஷன் ஆன உடம்பு, அசையக்கூடாது." பத்து நாள் கட்டில்லயே வெச்சு ஹார்லிக்ஸ் ஊத்துவாங்க. பாசம்தான், இல்லைங்கலை. எழுந்து நடக்கணும்னு அவங்களுக்கு யாராவது சொன்னாத்தானே?

இப்ப எங்க பெரியம்மா கதை. அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். "நல்லா எழுதுடா, நாலு பேரு படிக்கட்டும்"னாங்க.

பெரியம்மா 116 கிலோ. உயரம் ஒண்ணரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். ரெண்டு பிரசவம், தைராய்டு, சர்க்கரை, முழங்கால் வலின்னு ஒண்ணொண்ணா சேர்ந்துது. தொப்புள்ல குடலிறக்கம். முதல்ல எலுமிச்சம்பழ அளவு இருந்துது. காட்டப் போன முதல் இடத்துலயே, "என்னம்மா இப்படி உடம்பை வெச்சிருக்க? முப்பது கிலோ குறைச்சிட்டு வா, பார்க்கலாம்." என் பெரியம்மா முப்பது வருஷம் ஸ்கூல்ல பாடம் சொல்லிக் கொடுத்தவங்க. அவங்க வயசுல பாதி இருக்கிற ஒருத்தர் 'வா', 'போ'ன்னு பேசினது அவங்களுக்கு எடையைவிட பாரமா இருந்திருக்கு. எப்படிக் குறைக்கணும்னு யாரும் சொல்லலை. டயட்டீஷியன்கிட்ட அனுப்பலை. தேதி கொடுக்கலை. குறைக்க முடியலைன்னா அடுத்து என்னன்னு சொல்லலை. நடந்தா முழங்கால் வலிக்கும், முழங்காலுக்குப் போனா அங்கயும் "எடையைக் குறைச்சிட்டு வாங்க". நம்ம பாஷையில சொன்னா சர்க்குலர் டிபென்டன்சி. ரெண்டு மாட்யூலும் ஒண்ணுக்காக ஒண்ணு காத்துக்கிட்டு நிக்குது, சிஸ்டம் ஹேங்.

எல்லாத்தையும்விட முக்கியமா சொல்லாம விட்ட ஒண்ணு இருக்கு. "இந்த வீக்கம் கெட்டியாகி உள்ள தள்ளினாலும் போகலைன்னா, நிறம் மாறினா, வலியோட வாந்தி வந்தா, ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு ஓடி வா." ஒரே வாக்கியம். மூணு டாக்டரைப் பார்த்திருக்காங்க, மூணு பேருமே இதைச் சொல்லலை.

ரெண்டரை வருஷம் கழிச்சு ஒரு ராத்திரி அதுதான் நடந்துது. வாயுப்பிடிப்புன்னு நினைச்சு ஓமத் தண்ணி குடிச்சுட்டு விடியற வரைக்கும் பொறுத்திருக்காங்க. காலையில கொண்டுபோனப்போ உள்ள மாட்டின குடல் கருத்துப்போச்சு. அவசர ஆபரேஷன். சர்க்கரை 340. தூக்கப் பரிசோதனையாவது ஒண்ணாவது, எதுக்கும் நேரமில்லை. குடல்ல ஒரு துண்டை வெட்டி எடுத்தாங்க. கிருமி இருந்ததால வலை வெச்சுத் தைக்க முடியலை, அதனால குடலிறக்கம் திரும்ப வர வாய்ப்பு அதிகம்னு சொல்லிட்டாங்க. பதினோரு நாள் ஐசியு. தையல் பிரிஞ்சு, ரெண்டு மாசத்துக்கு மேல வீட்டுல தினமும் புண்ணுக்குக் கட்டு மாத்தினது என் அக்கா. வார்டுல பிபி பார்க்கற பட்டை அவங்க கையைச் சுத்தவே இல்லை. இருக்கிற சின்னப் பட்டையை இழுத்துப் பிடிச்சு கட்டினாங்க. சின்னப் பட்டையில எடுத்தா பிபி நிஜத்தைவிட அதிகமா காட்டும். அந்தப் பொய் நம்பரைப் பார்த்து மருந்து எழுதினா?

அந்த ராத்திரியிலயும் ஒரு நல்ல மனுஷரைச் சொல்லணும். மயக்கம் கொடுத்த டாக்டர், சின்ன வயசுதான், தியேட்டருக்குள்ள போகும்போது பெரியம்மாகிட்ட, "டீச்சர், உங்களைக் கொஞ்சம் சாய்ச்சு உட்கார்ற மாதிரி படுக்க வைக்கப்போறேன், மூச்சுக்கு வசதியா இருக்கும், பயப்படாதீங்க"ன்னு சொல்லியிருக்கார். பெரியம்மா இன்னிக்கும் அவரைத்தான் "அந்தப் புள்ளை"ன்னு சொல்லிக்கிட்டிருக்காங்க.

இந்த இடத்துல டாக்டர் பதிவர்கள் கையைத் தூக்குவீங்கன்னு தெரியும். நியாயமா ஒண்ணை ஒத்துக்கறேன். ரொம்ப எடையோட குடலிறக்க ஆபரேஷன் செஞ்சா புண் ஆறறதுல சிக்கல், மறுபடி வர்றதுன்னு எல்லாமே கூடுதல்தான். அவசரம் இல்லாதப்போ எடையைக் குறைச்சிட்டு செய்யறது நல்லதுங்கறது முட்டாள்தனமான யோசனை இல்லை. என் சண்டை அந்த யோசனையோட இல்லை, அதைச் சொல்ற லட்சணத்தோட. எவ்வளவு, எத்தனை மாசத்துல, யார் உதவியோட, முடியலைன்னா மாற்று என்ன, நடுவுல என்ன நடந்தா ஓடி வரணும்? இந்த அஞ்சுல ஒண்ணுகூட இல்லாம "குறைச்சிட்டு வா"ன்னா அதுக்கு அர்த்தம் "போ"ன்னுதான். திட்டமிட்டு செய்யற ஆபரேஷன்ல இருக்கிற ஆபத்துக்குப் பயந்து, நோயாளியை அவசர ஆபரேஷன்ங்கற பல மடங்கு பெரிய ஆபத்துக்குள்ள தள்ளிவிடறோம். ஆனா அந்த ரெண்டாவது ஆபத்து முதல் டாக்டரோட கணக்குல ஏறாது பாருங்க. அது வேற ஆஸ்பத்திரி, வேற ராத்திரி.

இது நம்ம ஊர் வியாதி மட்டும்னு நினைக்காதீங்க. 2016ல இங்கிலாந்துல யார்க் பகுதி சுகாதாரக் குழு, பிஎம்ஐ 30க்கு மேல இருக்கறவங்களுக்கு அவசரமில்லாத ஆபரேஷனை ஒரு வருஷம் வரைக்கும் தள்ளிப்போடப்போறதா அறிவிச்சுது. அங்க இருக்கிற ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸே எதிர்த்துது, திட்டத்தை நிறுத்தி வெச்சாங்க. அங்கயாவது எழுதி அறிவிச்சாங்க, எழுதினதால சண்டை போட முடிஞ்சுது. இங்க வாய்வார்த்தையா போகுது, யாரோட சண்டை போடறது?

குண்டா இருந்தாலே ஆபரேஷன்ல செத்துடுவாங்கங்கற பொதுப்புத்திக்கும் ஒரு வார்த்தை. 2009ல அமெரிக்காவுல ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சாதாரண அறுவை சிகிச்சை நோயாளிகளோட விவரத்தை அலசினாங்க. ரொம்ப ஒல்லியா இருந்தவங்களும் மிக மிக அதிக எடையில இருந்தவங்களும்தான் அதிகம் இறந்திருக்காங்க. கொஞ்சம் குண்டு, நடுத்தரக் குண்டெல்லாம் சாதாரண எடைக்காரங்களைவிடக் குறைவாத்தான் இறந்திருக்காங்க. உடனே 'அப்ப எனக்கு இன்னொரு பிரியாணி'ன்னு கிளம்பாதீங்க, புண்ணுல சீழ் பிடிக்கற மாதிரியான தொல்லை எடை கூடக்கூட கூடத்தான் செய்யும். நான் சொல்ல வர்றது, கண்ணால பார்த்தே ஆபத்தை அளந்துட முடியாதுன்னுதான். உட்கார்ந்து அளக்கணும்.

இப்ப பேனர் கோஷ்டி. இவங்களை மட்டும் விட்டுடுவேனா?

எடைக்குறைப்பு ஆபரேஷன் நல்ல ஆபரேஷன். சொல்லப்போனா கடுமையான உடல்பருமனுக்கு இதுவரைக்கும் நீண்டகால ஆதாரம் அதிகம் இருக்கிற வைத்தியம் இதுதான். ஸ்வீடன்ல 1987ல ஆரம்பிச்சு நாலாயிரம் பேரைத் தொடர்ந்து கவனிச்ச ஆய்வுல, ஆபரேஷன் செஞ்சுக்கிட்டவங்க செய்யாதவங்களைவிட சராசரியா மூணு வருஷம் கூடுதலா வாழ்ந்ததா 2020ல வெளியிட்டாங்க. 2009ல அமெரிக்காவுல 10 மையங்கள்ல 4,776 பேர்கிட்ட நடத்தின ஆய்வுல 30 நாள்ல இறந்தவங்க 0.3 சதவீதம். அதாவது ஆயிரத்துல மூணு பேர். ஏதாவது ஒரு பெரிய சிக்கல் வந்தவங்க 4.3 சதவீதம். யாருக்கு அதிகம்? முன்னாடி ரத்தக்கட்டி வந்தவங்க, ஸ்லீப் அப்னியா இருந்தவங்க, கொஞ்ச தூரம்கூட நடக்க முடியாதவங்க. ஆக மேல சொன்ன அதே சமாச்சாரம்தான்.

வாட்ஸப் மாமா சொல்ற மாதிரி போனா பொணம்தான்னும் இல்லை, பேனர்ல இருக்கிற மாதிரி மூக்கு குத்தற வேலையும் இல்லை. அந்த 4.3ஐ எந்த பேனர்ல பார்த்திருக்கீங்க? பேனர்ல இருக்கறது அளவுக்கு மீறின பழைய பேன்ட்டை ஒத்தைக் காலுக்குள்ள மாட்டிக்கிட்டு சிரிக்கற ஒரு அண்ணாச்சி.

ஸ்லீவ்ங்கற ஆபரேஷன்ல இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்து, மிச்சத்தை நீளமா ஸ்டேப்ளர் போட்டு மூடுவாங்க. அந்தத் தையல் வரிசை கசிஞ்சா அது பெரிய ஆபத்து. முக்கியமான அறிகுறி நாடித்துடிப்பு, 120க்கு மேல நிக்காம ஓடும். காய்ச்சல், வலியெல்லாம் லேட்டா வரலாம். இந்தக் கசிவு ஆஸ்பத்திரியிலேயே வரணும்னு கட்டாயம் இல்லை, வீட்டுக்குப் போய் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சும் வரும். இப்ப யோசிங்க. சென்னையில மூணாம் நாள் டிஸ்சார்ஜ் ஆகி, போடிக்கோ அறந்தாங்கிக்கோ போன ஆளு, பத்தாம் நாள் நெஞ்சு படபடன்னு அடிக்குதுன்னு உள்ளூர் கிளினிக்குக்குப் போறார். "கேஸ் டிரபிள்"னு ஒரு ஊசி போட்டு அனுப்பினா? 'மூணே நாள்ல வீடு'ங்கறது விளம்பர வாசகம். நாலாவது நாள்லேர்ந்து ஆரம்பிக்கறதுதான் நிஜமான கதை.

முதல் சில வாரம் வெறும் திரவம், அப்புறம் கூழ், அப்புறம் குழைஞ்ச சோறு. சாப்பிடும்போது தண்ணி குடிக்கக்கூடாது. ஒரு நாளைக்கு 60 கிராமாவது புரதம் வேணும். கைப்பிடி அளவு வயித்துல சாம்பார் சாதத்தை வெச்சு அதை எட்டறது எப்படின்னு சைவக்காரங்க யோசிச்சுப் பாருங்க. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, இதெல்லாம் ஆயுசுக்கும் மாத்திரை, வருஷா வருஷம் ரத்தப் பரிசோதனை. மூணாவது மாசத்துலேர்ந்து முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். முன்னாடியே சொல்லியிருந்தா பதறமாட்டாங்க. வேகமா எடை குறைஞ்சா பித்தப்பையில கல் வரலாம். வாந்தி நிக்காம நாள்கணக்கா போனா பி1 தீர்ந்துபோய் கண்ணு ரெட்டையா தெரியும், நடை தள்ளாடும், புத்தி குழம்பும். அப்ப பி1 ஊசி போடாம வெறும் குளுகோஸ் பாட்டில் ஏத்தினா மோசமாகும். நம்ம ஊர்ல வாந்தின்னு போனா முதல்ல ஏத்தறது எது? குளுகோஸ் பாட்டில்! பைபாஸ் வகை ஆபரேஷன் செஞ்சவங்க டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரையைத் தொடக்கூடாது, புண்ணாயிடும். நம்ம மெடிக்கல் ஷாப்ல "மூட்டு வலி"ன்னு சொன்னா சீட்டே இல்லாம கையில திணிக்கறது அதைத்தான். இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத இடத்துல இந்த ஆபரேஷனைச் செய்யவே கூடாதுங்கறேன்.

அதுவும் இல்லாம லைப்போசக்ஷனையும் இதையும் போட்டுக் குழப்பறாங்க. அது தோலுக்கடியில இருக்கிற கொழுப்பை உறிஞ்சற அழகு சிகிச்சை, கடுமையான உடல்பருமனுக்கு வைத்தியமே கிடையாது. 2022ல பெங்களூர்ல ஒரு கன்னட சீரியல் நடிகை கொழுப்பு நீக்கற சிகிச்சையில இறந்தப்போ, 'எடைக்குறைப்பு ஆபரேஷன்ல மரணம்'னுதான் நிறைய இடத்துல ஃபார்வர்டு சுத்துச்சு.

வேடிக்கை பார்க்கற மனசுக்கு உச்சம்னா அது இமான் அகமது விஷயம். எகிப்துல அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த பெண், சுமார் 500 கிலோ. 2017 பிப்ரவரியில சரக்கு விமானத்துல மும்பை கொண்டுவந்து, கிரேன் வெச்சு ஆஸ்பத்திரிக்குள்ள தூக்கினாங்க. அத்தனையும் டிவியில ஓடுச்சு. அப்புறம் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி இத்தனை கிலோ குறைஞ்சாச்சுன்னு செய்தி. ஏற்கெனவே பக்கவாதம் வந்த பெண், பேச்சு திரும்பலைன்னு தங்கச்சி சொன்னா, ஆஸ்பத்திரி எடையைச் சொல்லுச்சு. மே மாசம் அபுதாபிக்குக் கொண்டுபோனாங்க. செப்டம்பர் 25ஆம் தேதி, 37 வயசுல இறந்துட்டாங்க. கிலோவைத் தவிர எதையும் எண்ணத் தெரியாத கூட்டம் அதோட அடுத்த செய்திக்குப் போயிடுச்சு.

இன்ஷூரன்ஸ் பக்கம் வராம முடிக்க மாட்டேன். பெரியம்மா விஷயத்துக்கு அப்புறம் எங்க வீட்டு பாலிசியை வரிவரியா படிச்சேன். (கோட் ரிவ்யூ பண்ற புத்தி, விடாது.) 2019ல ஐஆர்டிஏஐ போட்ட விதியில உடல்பருமன் சிகிச்சைக்குன்னே ஒரு விலக்கு உண்டு. ஆபரேஷனுக்குப் பணம் வேணும்னா பிஎம்ஐ 40 தாண்டணும். இல்லை 35 தாண்டி, எளிய வழியெல்லாம் தோத்து, கூடவே எடையால வந்த இதயத்தசை நோயோ, இதய ரத்தக்குழாய் நோயோ, கடுமையான ஸ்லீப் அப்னியாவோ, கட்டுக்கடங்காத டைப் 2 சர்க்கரையோ இருக்கணும். அஞ்சேகால் அடி ஆளுக்கு 40ன்னா சுமார் 102 கிலோ. இந்த 40, 35 எங்கேர்ந்து வந்துது தெரியுமா? 1991ல அமெரிக்க என்ஐஎச் வெளியிட்ட வரையறை. வெட்டித் திறந்து ஆபரேஷன் செஞ்ச காலம். 2022ல இந்தத் துறையோட அமெரிக்கச் சங்கமும் சர்வதேசக் கூட்டமைப்பும் சேர்ந்து அதை மாத்தி, 35 தாண்டினாலே வேற நோய் இல்லாட்டியும் பரிந்துரைக்கலாம், ஆசியக்காரங்களுக்கு 27.5லேர்ந்தேன்னு எழுதிட்டாங்க. நம்மளுக்கு வயித்துக் கொழுப்பும் சர்க்கரையும் குறைஞ்ச எடையிலேயே வந்துடுதுங்கறதுதான் காரணம். விதியில மட்டும் 1991 வெர்ஷன் புரொடக்ஷன்ல ஓடுது. சர்வர் சாயற வரைக்கும் டிக்கெட் எடுக்க மாட்டோம்னு சொல்ற சப்போர்ட் டீமை எந்த கம்பெனியில வெச்சிருப்பாங்க?

"அதான் ஊசி வந்தாச்சே, இனி ஆபரேஷன் எதுக்கு"ன்னு கேப்பீங்க. மௌன்ஜாரோவும் வெகோவியும் 2025ல இந்தியாவுக்கு வந்தாச்சு, நல்லாவே வேலை செய்யுது. சந்தோஷம். "குறைச்சிட்டு வா"ன்னு சொல்றவங்க இனியாவது எப்படின்னும் சேர்த்துச் சொல்லலாம். ஆனா ஒண்ணு, இந்த ஊசி இரைப்பை காலியாகறதை மெதுவாக்கும். வெறும் வயித்தோட வந்தேன்னு நீங்க நினைச்சாலும் உள்ள சாப்பாடு இருக்கலாம், மயக்கத்துல அது நுரையீரலுக்குப் போனா ஆபத்து. அதனால எந்த ஆபரேஷனா இருந்தாலும் மயக்க மருந்து டாக்டர்கிட்ட இந்த ஊசி போடறதை மறைக்காம சொல்லணும். ஆனா இங்க ஜனங்க மறைக்கறாங்க. ஏன்? ஊசி போட்டு இளைச்சேன்னு சொன்னாலும் "குறுக்கு வழி"ம்பாங்களே, அந்த வெக்கம்தான். பேசின வாய்க்கு என்ன, அதுக்கு மயக்க மருந்தா கொடுக்கப்போறாங்க?

பெரியம்மா இப்ப 107 கிலோ. அந்த ஒன்பது கிலோவையும் குறைச்சது ஐசியுதான். வலை வெச்சுத் தைக்கற ஆபரேஷன் இன்னும் பாக்கி இருக்கு. இந்த வாட்டி வேற ஊர், வேற டாக்டர். போன மாசம் கூட்டிக்கிட்டுப் போனேன், கழுத்தை டேப் வெச்சு அளந்தார். 42 சென்டிமீட்டர். தூக்கப் பரிசோதனைக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை தேதி கொடுத்திருக்காங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டறவன். மேல இருக்கிற மருந்து, அளவு எதையும் பார்த்து நீங்களா எதுவும் ஆரம்பிக்காதீங்க. மருத்துவர்கள் தப்பிருந்தா பின்னூட்டத்துல திருத்துங்க, பதிவுலயே மாத்திடறேன். "டயட்ல இருக்கச் சொல்லுங்க பாஸ்"னு வர்ற பின்னூட்டம் மட்டும் வெளியாகாது. மாரத்தான் அண்ணாச்சி, இதைப் படிச்சா ஆட்டோ அனுப்பாதீங்க, திங்கட்கிழமை டீ என் செலவு.